ஆதம்பாக்கத்துக் கோடு ஏன் கீழே போனது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். நடுவில் எதையாவது விட்டுவிட்டுப் பின்னால் வந்து சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் இப்போது இருக்கும் செல்விதான், "பேச வேணாங்க்கா, எழுதுங்க. எழுதும்போது யாரு உங்க மூஞ்சியப் பாக்கப் போறாங்க?" என்றாள். ஓய்வு பெற்றவர்களுக்காக மலர் போடுகிறார்களாம். சரி என்றேன்.

சரி என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் ஓய்வூதிய வேலையாக அடையாறு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் புதுக் கூடம் கட்டியிருக்கிறார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள், பூகம்பக் கோடு பதியும் எங்கள் பழைய உருளை. கீழே பித்தளைத் தகட்டில் "பூமியின் இதயத் துடிப்பு" என்று பொறித்திருக்கிறது. பக்கத்தில் முன்னாள் தலைவரின் படம், உருளை மேல் கை வைத்தபடி. கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் உதட்டைக் குவித்துச் செல்ஃபி எடுக்கிறார்கள். பூமிக்கு எங்கேயாவது இதயம் இருக்கிறதா? இருப்பது கல். கல் நழுவினால் ஆடும். அவ்வளவுதான். அந்த உருளைக்குச் செத்த பிறகும் என்னென்ன வேஷம் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பூகம்பப் பிரிவில் அட்டெண்டர். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். வேலைக்குச் சேர்ந்தபோது உருளையில் சுற்றும் தாளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்க வேண்டும். அதன் மேல் ஊசி வெள்ளைக் கோடு கீறும். கீறிய தாளை வார்னிஷில் முக்கி, கொடியில் துணி மாதிரி தொங்கவிட வேண்டும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பிறகு மைப்பேனா வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. உருளை நின்றது. நான் டீ கொடுப்பது, அறையைத் திறப்பது, வெளியே வைத்திருக்கும் கருவிகளுக்கு டிரைவரோடு போய்த் தூசி தட்டி, பாட்டரி பார்த்துவிட்டு வருவது என்று மாறினேன். படிப்புக்காலம், பயிற்சிக்காலம் எல்லாம் எனக்கு இவ்வளவுதான்.

கோடு என்ன சொல்கிறது என்பதை நான் யாரிடமும் பாடம் கேட்கவில்லை. வருஷக்கணக்காக ஒரே அறையில் நின்றால் சுவருக்கும் காது முளைக்கும். பூமி எங்காவது ஆடினால் முதலில் ஒரு வேகமான அலை வரும், பின்னால் ஒரு மெதுவான அலை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வைத்து மழை எவ்வளவு தூரம் என்று சொல்கிறோமே, அதுபோல இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தூரத்தைச் சொல்லும். கோட்டின் உயரம் எவ்வளவு பெரிது என்று சொல்லும். ஆனால் ஆடியது எப்படிப்பட்டது என்று சொல்வது கோடு எடுத்து வைக்கும் முதல் அடி. தரை நம்மை மேலே தள்ளினால் கோடு மேலே போகும். கீழே இழுத்தால் கீழே போகும். வெடி வைத்தால் எல்லாப் பக்கமும் வெளியேதான் தள்ளும், அதனால் சுற்றியிருக்கும் எல்லாக் கருவியிலும் முதல் அடி மேலேதான். உண்மையான பூகம்பம் அப்படி இல்லை. பாறை ஒரு பிளவில் நழுவும்போது ஒரு பக்கத்தைத் தள்ளும், இன்னொரு பக்கத்தை இழுக்கும். சில கோடு மேலே, சில கோடு கீழே.

இதைப் படிப்பதற்கு எங்கள் பிரிவில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, முதல் அடியை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்கும்போது மற்றவர் அறையில் இருக்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை. இன்னொன்றைப் 'பந்தி வைப்பது' என்போம். ரிப்பேருக்குப் போய் வந்த எந்தக் கருவியையும் நேரே வெளியே அனுப்பக் கூடாது. தோட்டத்துக் குழியில் மற்ற கருவிகளோடு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே சாம்பார்தானே? ஒரே தரையில் உட்கார்ந்திருப்பவை ஒரே மாதிரி எழுத வேண்டும். எழுதாதது எது என்று பார்த்து அதை எழுப்பிவிடுவார்கள். குழியைப் பெருக்கி, எறும்புப் பொடி போடுவது என் வேலை.

எங்கள் தலைவருக்கு இந்த இரண்டு வழக்கமும் பிடிக்காது. அவர் பெயர் வேண்டாம், தலைவர் என்றே சொல்கிறேன். அவர் கோட்டைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. பேனா மூடியால் தூரத்திலிருந்து காட்டுவார். "எங்கே?" என்று கேட்க மாட்டார், "எப்படி?" என்று கேட்க மாட்டார். "எவ்வளவு?" என்றுதான் கேட்பார். ஒரு எண், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் இன்னொரு எண். அந்தப் புள்ளியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வெல்லப்பாகு இறங்கும். இரும்பு அலமாரியில் எப்போதும் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று தொங்கும். அதை நாங்கள் டிவி சட்டை என்போம். எங்காவது நிலம் ஆடியது என்றால் போதும், டிவிக்காரன் வண்டி கேட்டுக்குள் நுழைவதற்குள் அவர் அந்தச் சட்டைக்குள் நுழைந்திருப்பார்.

டிவிக்காரனுக்குக் கம்ப்யூட்டர் திரை போதாது. ஊசி ஆட வேண்டும். அதனால் செத்துப்போன உருளையில் வெள்ளைத் தாளைச் சுற்றி, மோட்டாரை மட்டும் ஓடவிடுவார்கள். தலைவர் அதன் பக்கத்தில் நிற்பார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் போயி நில்லு. நான் பேச ஆரம்பிச்சதும் டேபிளைத் தட்டு. மெதுவா. கேமராவுல உன் கை தெரியக் கூடாது."

நான் தட்டுவேன். ஊசி கிடுகிடுவென்று ஆடும். அதைத்தான் தமிழ்நாடே சாயந்திரம் பார்த்து வாயைப் பிளக்கும். என் அக்காள் மகள் தேனாம்பேட்டையிலிருந்து போன் பண்ணி, "சித்தி, உங்க ஆபீஸ்ல இன்னா ஆட்டம் ஆடுச்சு!" என்பாள். ஆட்டினவள் நான் என்று எப்படிச் சொல்வது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

ஊருக்குள் தரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக மூன்று கருவிகளை வைத்திருந்தோம். ஒன்று எங்கள் அடையாறு தோட்டத்தில். இன்னொன்று வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில். மூன்றாவது ஆதம்பாக்கத்தில் காதர் பாய் வீட்டுப் பின்கட்டு அறையில். காதர் பாய் பஞ்சு மெத்தை தைப்பவர். அவர் முன்கட்டில் பஞ்சு அடித்தால் பின்கட்டில் கோடு நடுங்கும். ஆபீஸில் அதைப் "பாய் பூகம்பம்" என்று கேலி பண்ணுவார்கள். நான் மாதம் ஒருமுறை போவேன். அவர் மனைவி மும்தாஜ் எனக்கு டீ போட்டுவைத்திருப்பாள். எனக்குப் பேச வராது என்பது அவளுக்கு வசதி. அவளே எல்லாவற்றையும் பேசிவிடுவாள்.

"வாக்கா. உன் பொட்டிக்கு நானு தொட்டில்ல போட்ட கொயந்த மாதிரி காவல் காத்துக்கினு கீறேன். பசங்க அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்னு சொல்லி வெச்சிகீறேன்."

அந்தக் கருவிக்கு ஒருமுறை ஒயர் அறுந்தது. ரிப்பேருக்குப் போய் வந்தது. பந்தி வைக்கக் குழியைப் பெருக்கி வைத்தேன். அன்றைக்கு டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் வருவதாக இருந்தது. தலைவர், "பந்தியும் வேணாம், மொந்தியும் வேணாம். மூணு இடத்துலயும் லைவ்வா ஓடுதுன்னு காட்டணும். நேரா ஆதம்பாக்கம் கொண்டு போய் வைங்க" என்றார். வைத்தோம். பெரிய மனிதர்கள் வந்தார்கள், திரையில் மூன்று கோடுகள் ஓடுவதைப் பார்த்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போனார்கள்.

காதர் பாய் வீட்டுக்குப் பின்புறத்து மனையில் தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார். அடியில் கார் நிறுத்தப் பள்ளம் தோண்டினார்கள். ஆதம்பாக்கத்தில் பரங்கிமலையின் பாறை தரைக்கு அடியிலேயே ஓடுகிறது. கடப்பாரை இறங்காது. ஒருநாள் மத்தியானம் தெருவே குலுங்கியது. ஜனங்கள் வெளியே ஓடினார்கள். காதர் பாய் வீட்டுப் பின்கட்டுச் சுவர் சரிந்து விழுந்தது. மும்தாஜ் அப்போதுதான் கொடியில் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள், பிழைத்தாள். கருவி இருந்த அறை மட்டும் நின்றது.

தெருக்காரர்கள் வெடி என்றார்கள். முதலாளியின் ஆட்கள் வெடியே வைப்பதில்லை என்றார்கள். பள்ளத்தில் வேலை செய்த வடக்கத்திப் பையன்களைக் கேட்கலாம் என்றால், மறுநாள் காலையில் ஒருவனும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அன்றைக்கு இரண்டாவதாகப் படிக்க வேண்டிய ஜானகி மேடம் லீவு. மயிலாப்பூரில் அவர் வீட்டில் ஏதோ விசேஷம். தலைவர் காத்திருக்கவில்லை. திரையைப் பேனா மூடியால் சுட்டினார். அடையாறு மேலே. வேளச்சேரி மேலே. ஆதம்பாக்கம் கீழே. "ஒண்ணு கீழ போயிருக்கு. அப்போ வெடி இல்ல. பூகம்பம்" என்றார். அலமாரி திறந்தது. நீலச் சட்டை வெளியே வந்தது. நான் டேபிளைத் தட்டினேன். எண்ணும் புள்ளியும் எண்ணும் சொன்னார். ஆழமும் சொன்னார். சென்னையில் நில அதிர்வு என்று டிவியில் சிவப்பு எழுத்து ஓடியது. வாட்ஸ்அப்பில் கடல் உள்ளே வரப்போகிறது என்று யாரோ அனுப்பியதை என் பக்கத்து வீட்டுக்காரியே எனக்குக் காட்டினாள்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். வெடி என்றால் முதலாளி சுவரைக் கட்டிக்கொடுக்க வேண்டும், கேஸும் வரும். பூகம்பம் என்றால் யார் மேலும் குற்றமில்லை. மாநகராட்சி ஆட்கள் வந்து பின்கட்டைச் சீல் வைத்து, குறுக்கே நாடா கட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் அறிக்கை கையெழுத்தாகி வந்ததும், இயற்கையால் பழுதான கட்டடம் என்று மொத்த வீட்டையும் இடித்துவிடுவார்களாம். இடித்தால் மும்தாஜும் பாயும் பிள்ளைகளும் தெருவில்தான். அந்த மனைக்கு முதலாளி ஏற்கனவே இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்.

கருவி சீல் வைத்த அறைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் சூரியத் தகடு, உள்ளே சிம் கார்டு. கோடு மட்டும் எங்கள் திரைக்கு வந்துகொண்டே இருந்தது.

ஜானகி மேடம் மறுநாள் வந்தார். யாரிடமும் பேசாமல் தனியாக உட்கார்ந்து படித்தார். பிறகு தலைவர் அறைக்குப் போனார். நான் டீத்தட்டோடு உள்ளே நின்றேன்.

"சார், ரெண்டாவது அலையே சரியாத் தெரியலை. பூகம்பம்னா அது நன்னா பெரிசா வரணுமே."

"ஸீ ஜானகி, ஆதம்பாக்கம் ரொம்பக் கிட்ட. கிட்ட இருந்தா ரெண்டு அலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். இது உனக்குத் தெரியாதா?"

"வேளச்சேரியும் அடையாறும் அவ்வளவு கிட்ட இல்லையே, சார்."

"முதல் அடி கீழ. அவங்க வீட்டுக்குள்ள இருக்கற கருவியே பூகம்பம்னு சொல்றது. அதுக்கு மேல என்ன வேணும்? கையெழுத்தப் போடு."

மேடம் போடவில்லை. வெளியே வந்து, வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"பச்சையம்மா, ஆதம்பாக்கம் பெட்டி ரிப்பேருக்குப் போய்ட்டு வந்துதே, எப்போ?"

"டெல்லிக்காரங்க வந்தாங்களே, அன்னிக்கு காலையிலதாம்மா."

"பந்தி வெச்சேளா?"

"வெக்கலைம்மா. ஐயா வேணாம்னுட்டாரு."

அவர் இரண்டு விரலை ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப் போட்டுக் காட்டினார். பிறகு, "ரெண்டு ஒயரை மாத்திப் பத்த வெச்சுட்டா மேல கீழயாத் தெரியும், கீழ மேலயாத் தெரியும். மத்தபடி பெட்டி சமத்தா எழுதிண்டே இருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது" என்றார்.

சீலை உடைத்து உள்ளே போய், கருவியின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மேடம் தலைவரிடம் கேட்டார், மாநகராட்சிக்குச் சொல்லுங்கள் என்று. தலைவர், "டிவியில சொன்னதுக்கு அப்புறம் நாமளே போய் நம்ம பெட்டி மேல சந்தேகம்னு சொல்றதா? ஊர் சிரிக்கும்" என்றார். ஊர் சிரிக்கக் கூடாது, வீடு இடியலாம். இது பெரிய படிப்புப் படித்தவர்களின் கணக்கு. எனக்குத்தான் கணக்கு வராது.

இன்னொரு வழி இருந்தது. தூரத்தில், கடல் தாண்டி எங்காவது பெரிய பூகம்பம் வந்தால் அதன் அலை சென்னைக்கு வரும்போது ஊர் முழுவதையும் ஒரே தாம்பாளம் மாதிரி தூக்கும், இல்லையென்றால் இறக்கும். அடையாறு ஒரு பக்கம், ஆதம்பாக்கம் ஒரு பக்கம் என்று போக முடியாது. மூன்று கோடும் ஒன்றாக நடக்க வேண்டும். அப்போது ஆதம்பாக்கம் மட்டும் எதிர்ப்பக்கம் போனால் ஒயர் மாறியது உறுதி. ஆனால் ரிப்பேர் முடிந்து வைத்ததிலிருந்து அப்படி ஒன்றும் பெரிதாக வரவில்லை.

"அப்போ இன்னா பண்றதும்மா?" என்று கேட்டேன்.

"காத்துண்டு இருக்கணும்" என்றார் மேடம்.

காத்திருந்தோம். மேடம் கையெழுத்தைத் தள்ளிப்போட ஒருநாள் காய்ச்சல் என்றார், ஒருநாள் கம்ப்யூட்டர் சரியில்லை என்றார். மாநகராட்சியிலிருந்து ஆள் வந்து வந்து போனான். ஜவுளிக்கடை முதலாளியே ஒருநாள் அல்வாப் பெட்டிகளோடு வந்தார். நெற்றி நிறைய விபூதி. எல்லா மேசையிலும் ஒரு பெட்டி வைத்தார்.

"எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்காத குடும்பம் எங்களோடது. பூமாதேவி ஆடுனா மனுசன் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? ஐயா சொன்னதத்தான ஊரே சொல்லுது."

என் கையிலும் ஒரு பெட்டியைத் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்துக் குழிப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அவர் தீங்கு நினைக்காத எறும்புகள் வந்து தின்றன. அன்றைக்கு நான் பொடி போடவில்லை.

ஆதம்பாக்கம் போனேன். முன்கட்டில் மெத்தைகளை அடுக்கி, அதற்கு நடுவில் குடியிருந்தார்கள். காதர் பாய் பஞ்சு அடிப்பதை நிறுத்திவிட்டார். அடித்தால் மிச்சச் சுவரும் விழுமோ என்று பயம். டிவியில் எங்கள் தலைவர் சொன்னதை அவரும் பார்த்திருந்தார்.

"நாங்க இடம் குட்து, மாடி குட்து, காவல் காத்தோம். அந்தப் பொட்டியே எங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது. நல்லா கீதும்மா உங்க நாயம்" என்றார்.

எனக்குத் தெரிந்த அளவில் ஒயர் கதையைச் சொன்னேன். தூரத்தில் எங்காவது பெரிதாக ஆடினால் உண்மை தெரிந்துவிடும் என்றேன். காதர் பாய் முகத்தில் அத்தனை நாளில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"அப்டியா? அப்போ அதுக்குத் துவா கேட்டாப் போச்சு!"

மும்தாஜ் கையிலிருந்த கரண்டியைத் தரையில் வைத்தாள்.

"இன்னா பேச்சு பேசிக்கினு கீற நீ? எவ வூட்டு செவுரு உயுந்து நம்ம செவுரு நிக்கணும்? அந்த மாதிரி நின்ன செவுத்துக்குள்ள நானு தூங்குவனா? வாயக் கயுவு."

"நம்ம புள்ளைங்க தெருவுல நிக்கும்டி."

"நிக்கட்டும். துவா கேக்காத."

பாய் ஒரு மெத்தையின் பிரிந்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார். டீ ஆறிப்போனது.

நடுவில் தூரத்துப் பூகம்பம் ஒன்று வந்தது. காலையில் ஆபீஸ் திறந்தபோதே மேடம் திரை முன்னால் இருந்தார். ஊரில் பஸ், லாரி, மெட்ரோ தோண்டுவது எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் அந்தக் கோடு பிய்த்த நூல் மாதிரி கிடந்தது. எது முதல் அடி என்றே தெரியவில்லை.

"சே, ரொம்பச் சின்னது. இன்னும் கொஞ்சம் பெரிசா வந்திருந்தா தேவலை" என்றார்.

நல்லவர் அவர். தன் வேலை போனாலும் போகட்டும் என்று கையெழுத்தைப் பிடித்து வைத்திருந்தவர். அவர் வாயிலிருந்தே அப்படித்தான் வந்தது. அந்த அறை அப்படி. உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் பூகம்பம் என்பது ஊர் இல்லை, வீடு இல்லை, கோடு. நல்ல கோடு, கெட்ட கோடு. நானும் எத்தனையோ தாளைத் தொங்கவிட்டு, "இன்னிக்கு நல்லா விழுந்துகீது" என்று சொன்னவள்தான்.

தலைவருக்குப் பொறுமை போயிற்று. திங்கட்கிழமைக்குள் மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் தன் மாணவன் ஒருவனை இரண்டாவது ஆளாகப் படிக்க வைத்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அந்த மாணவன் தலைவர் தும்மினால் நூறு ஆயுசு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன்.

அதற்கு முன்பே பெரியது ஒன்று வந்துவிட்டது. எந்தக் கிழமை என்று நினைவில்லை, டீ வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பச்சையம்மா! எல்லாரையும் கூப்பிடுங்கோ!" என்று மேடம் கத்தினார். கத்துகிறவர் இல்லை அவர். ஓடினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். திரையில் மூன்று கோடுகள், தெளிவாக, கோலப்பொடியில் இழுத்த மாதிரி. அடையாறு மேலே போனது. வேளச்சேரி மேலே போனது. ஆதம்பாக்கம் கீழே போனது. அதற்குப் பிறகும் அவை இரண்டும் ஏறும்போது இது இறங்கியது, அவை இறங்கும்போது இது ஏறியது. தண்ணீரில் தெரியும் கோபுரம் மாதிரி தலைகீழாக, ஒரு நெளிவு பிசகாமல்.

மேடம் ஒரு பொத்தானைத் தட்டி ஆதம்பாக்கத்துக் கோட்டைத் திருப்பிப் போட்டார். மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. அப்புறம் சுவர் விழுந்த மத்தியானத்துப் பதிவை எடுத்து அதையும் திருப்பினார். மூன்றும் மேலே. வெடி.

அறையே கை தட்டியது. டிரைவர் விசில் அடித்தான்.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். பேனா மூடியால் திரையைச் சுட்டினார். பிறகு, "நான் அப்பவே நெனச்சேன். ரிப்பேர்க்காரன் அலட்சியம்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குழியைப் பெருக்கி வைத்தவள் நான் பக்கத்தில்தான் நின்றேன். பந்தி வேண்டாம் என்று சொன்ன வாய் எது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் நேரே அலமாரிக்குப் போனார். அன்று சாயந்திரம் டிவியில், தங்கள் நுட்பமான ஆய்வில் அது வெடி என்று நிரூபணமானதாகச் சொன்னார். முன்பு சொன்ன எண்ணும் புள்ளியும் எங்கே போயின என்று ஒரு டிவிக்காரனும் கேட்கவில்லை. உருளையை ஓடவிட்டு, "ஏம்மா, தட்டு" என்றார். கையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதுதான் என் வேலைக்காலத்தில் அவரிடம் நான் முழுசாகப் பேசிய ஒரே வாக்கியம். அந்த மாணவன் தட்டினான். அன்றைக்கு எடுத்த படம்தான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மேடம் கையெழுத்துப் போட்டார். சீலை எடுத்தார்கள். முதலாளி பூமாதேவியை விட்டுவிட்டு வக்கீலைப் பிடித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் கொத்தனாரை அனுப்பிச் சுவரைக் கட்டிக்கொடுத்தார். பழையதைவிட ஒரு செங்கல் அகலம் கூட.

நான் கருவியை எடுத்துவரப் போனேன். மும்தாஜ் புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். காதர் பாய் முன்கட்டில் பஞ்சு அடிக்கும் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கோடு தலைகீழாக வந்ததை, மேடம் திருப்பிப் போட்டதை, எல்லோரும் கை தட்டியதை. எனக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. மும்தாஜ் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா ஊருக்கா?"

"எது?"

"அந்த பூகம்பம் வந்த ஊரு. ஜனங்க நல்லா கீறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆபீஸில் கேட்டேன். ஒருவன் ஏதோ தீவு என்றான். ஒருவன் மலைப்பக்கம் என்றான். "அது எதுக்கு உங்களுக்கு? சிக்னல் சூப்பரா வந்துச்சு, அது போதும்" என்றான் மாணவன். மேடம் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார், மறந்துவிட்டேன். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "பாக்கலையே பச்சையம்மா" என்றார், மெல்லிய குரலில். அடுத்த மாதம் நான் ஓய்வு பெற்றேன். ஆதம்பாக்கம் பக்கம் போக வெட்கமாக இருந்தது, போகவில்லை.

செல்வி, இதில் முன்பின்னாக எழுதியிருந்தால் மேடத்திடம் காட்டித் திருத்திக்கொள். ஆனால் ஒன்றை நீயே பார்க்க வேண்டும். அந்தப் பழைய பதிவு கம்ப்யூட்டரில் இருக்கும் என்கிறாய். அது எந்த ஊர், அங்கே எத்தனை வீடு விழுந்தது, ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து எனக்குச் சொல். மலரில் போடாவிட்டாலும் பரவாயில்லை. மும்தாஜுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.